அழைப்பிதழில் யார் பெயர் முதலில்? திருத்தூதர் விழா எடுக்கும் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திருத்தூதர்களைப் பாதுகாவலராகக் கொண்ட பங்குகளின் பேரவை உறுப்பினர்களுக்கும் விழாக் குழுவினருக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். எங்கள் பங்கின், அதாவது எங்கள் ஆலயச் சமூகத்தின், பாதுகாவலர் இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான புனித அந்திரேயா. ஒன்பது ஆண்டுகள் விழாக் குழுவின் செயலராக இருந்தேன். கூட்டக் குறிப்பேடு என்னிடம்தான் இருந்தது. பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கு முந்தின இரவு, அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, பூ, பவனி போகும் பாதை, நவநாள் மறையுரைக்கு வரும் குருக்கள் என்று எல்லாம் என் கையெழுத்திலேயே வரிவரியாக இருந்தன. இல்லாதது ஒன்றுதான். நம் பங்கில் யார் யாரோடு பேசுவதில்லை, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று ஒன்பது ஆண்டுகளில் ஒரு கூட்டத்திலும் நாங்கள் பேசியிருக்கவில்லை. யார் யார் பேசுவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். நாற்காலி போடும்போதே அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தெரியும்.

அந்த இல்லாத வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஓர் ஆண்டு விழா அழைப்பிதழை இரண்டு முறை அச்சடித்தோம். முதல் அச்சில், பங்கின் மூத்தவர்கள் இருவரில் ஒருவர் பெயர் மேலேயும் மற்றவர் பெயர் கீழேயும் வந்துவிட்டது. கீழே வந்தவர் மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். அழைப்பிதழை மேசைமேல் விரித்துத் தன் பெயருக்கு அடியில் விரலை வைத்தபடி நின்றார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரல் மட்டும் லேசாக நடுங்கியது. சரி ஐயா, மாற்றிவிடலாம் என்றேன். இரண்டாம் அச்சில் இரு பெயர்களையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். உடனே மற்றவர் வந்தார். வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று கேட்டார்.

கடைசியில் விரல் நடுங்க நின்ற பெரியவர் அந்த விழாவுக்கே வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் பாதுகாவலரின் சுரூபத்தைத் துடைத்துத் துலக்கி வைத்தவர் அவர். முதலில் அச்சான அழைப்பிதழ்க் கட்டு அலமாரியிலேயே கிடந்தது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் அதன் பின்பக்கத்தில் படம் வரைந்து தீர்த்தார்கள்.

வலப்பக்கம், இடப்பக்கம் என்றதுமே மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் போய், உமது மாட்சியில் எங்களுள் ஒருவர் உம் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் அமர வேண்டும் என்று கேட்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அவர்கள் மனத்திலும் அதே ஆசை இல்லாமலா கோபம் வந்திருக்கும்? அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் வழியெல்லாம் தங்களுள் யார் பெரியவர் என்று வாதாடிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும், வழியில் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று அவர் கேட்டபோது யாரும் பதில் பேசவில்லை. லூக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவருடைய 22-ஆம் அதிகாரத்தில், அப்பமும் கிண்ணமும் கொடுக்கப்பட்ட அதே இரவில், அதே மேசையில், யார் பெரியவர் என்ற வாக்குவாதம் மறுபடி கிளம்புகிறது.

அவர்களுடைய பெருமையைப் பாடும்போது நாம் இந்தப் பக்கங்களை மெல்லத் தாண்டிவிடுகிறோம். நற்செய்தியாளர்கள் அப்படித் தாண்டவில்லை. திருச்சபையின் தூண்கள் என்று நாம் போற்றுகிறவர்கள் இருக்கைக்காகச் சண்டை போட்டவர்கள் என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதையும் எழுதினார்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ வேண்டும் என்று கேட்ட யாக்கோபை ஏறக்குறைய கி.பி. 44-இல் ஏரோது அகிரிப்பா வாளால் கொன்றான் என்று திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. பன்னிருவரில் இயேசுவுக்காக முதலில் உயிர் கொடுத்தவர் அவர். ஜூலை 25 அன்று நாம் விழா எடுப்பது அவருக்குத்தான்.

அழைப்பிதழ் விவகாரத்துக்குப் பிறகு ஒரு நாள், திருத்தூதர்களின் பெயர்ப் பட்டியல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் இருக்கின்றன: மத்தேயு, மாற்கு, லூக்கா, திருத்தூதர் பணிகள். வரிசை ஒரே மாதிரி இல்லை. பேதுரு எப்போதும் முதலில் வருகிறார். காட்டிக்கொடுத்த யூதாசு, அவன் பெயர் வரும் மூன்று பட்டியல்களிலும் கடைசி. நடுவில் இருப்பவர்கள் இடம் மாறுகிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் அந்திரேயாவை இரண்டாவதாக வைக்கிறார்கள். மாற்கிலும் திருத்தூதர் பணிகளிலும் அவர் நான்காவதாக இறங்கிவிடுகிறார். ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொன்றைத் திருத்த வேண்டும் என்று திருச்சபைக்குத் தோன்றவில்லை. நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு வாசிக்கிறது.

அதில் ஒரு சிறு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. மாற்கும் லூக்காவும் 'மத்தேயு, தோமா' என்று எழுதுகிறார்கள். மத்தேயுவின் பெயரால் வழங்கும் நற்செய்தியில் மட்டும் 'தோமா, வரிதண்டுபவராகிய மத்தேயு' என்று இருக்கிறது. தோமாவை முன்னால் விட்டுத் தான் ஒரு படி பின்னால் நிற்கிறார். ஊரார் வெறுத்த பழைய தொழிலையும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார். அழைப்பிதழில் நம் பெயருக்கு முன்னும் பின்னும் நாம் சேர்த்துக்கொள்ளும் பட்டங்களையும் பொறுப்புகளையும் நினைத்துப் பார்த்தேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதே பட்டியலில் தீவிரவாதி எனப்பட்ட சீமோனும் இருக்கிறார். அந்தப் பெயர் உரோமை ஆட்சியை எதிர்த்தவர்களைக் குறித்தது என்பார்கள் சிலர். திருச்சட்டத்தின்மேல் அவருக்கிருந்த தீவிரப் பற்றைக் குறித்தது என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும், ஆட்சியாளருக்காக வரி வாங்கிய ஒருவரோடு அவர் மூன்று ஆண்டுகள் ஒரே வழியில் நடந்து, ஒரே மேசையில் உண்டிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்ததைவிடப் பெரிய பகை நம் பங்குகளில் இருக்குமா?

ஆயரால் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம் உங்களுடையது என்றால், அதன் உட்சுவர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிறு சிலுவைகள் பதித்திருப்பார்கள். பல ஆலயங்களில் பன்னிரண்டு, சில ஆலயங்களில் நான்கு. நேர்ந்தளிப்பின்போது ஆயர் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயைப் பூசிய இடங்கள் அவை. புதிய எருசலேமின் மதிலுக்குப் பன்னிரண்டு அடிக்கற்கள் இருந்தன, அவற்றில் பன்னிரு திருத்தூதர்களின் பெயர்கள் எழுதியிருந்தன என்று திருவெளிப்பாடு சொல்வதுதான் அந்தப் பன்னிரண்டின் மூலம். ஆலயத்தின் பெயர் ஒருவருடையது, பீடத்தருகே நிற்கும் சுரூபமும் ஒருவருடையதுதான். சுவரைத் தாங்கி நிற்பவர்களோ பன்னிருவர். திருப்பலியில் சொல்லப்படும் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் அவர்களைத் தனித்தனியே பிரித்து நினைவுகூர்வதில்லை. பேதுரு, பவுல், அந்திரேயா, யாக்கோபு, யோவான், தோமா என்று ஒரே மூச்சில்தான் குருவானவர் சொல்கிறார். திருத்தூதர் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வணங்குவதற்குத் திருச்சபை நமக்கு வழியே வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பாதுகாவலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

யோவான் நற்செய்தியின்படி இயேசுவை முதலில் பின்தொடர்ந்த இருவரில் ஒருவர் அந்திரேயா. அவர்தான் போய்த் தம் சகோதரர் சீமோனைத் தேடிப் பிடித்து, மெசியாவைக் கண்டோம் என்று சொல்லிக் கூட்டிவருகிறார். வந்த சீமோனுக்குக் கேபா, அதாவது பேதுரு, என்ற புதுப் பெயர் கிடைக்கிறது. கூட்டிவந்தவருக்குப் புதுப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. கடற்கரையில் முதலில் அழைக்கப்பட்டவர்கள் நான்கு பேர்: பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான். இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகள். இப்போது மாற்கு நற்செய்தியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். யாயிரின் மகளை எழுப்பப் போகும்போது இயேசு உடன் வர அனுமதித்தது பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும். உருமாற்றத்தின்போது மலைக்குக் கூட்டிச்சென்றது அதே மூவரை. கெத்சமனியில் தம் துயரத்தின் அருகே வைத்துக்கொண்டதும் அவர்களைத்தான். மூன்று முறையும் நான்காமவர் வெளியே நிற்கிறார். செபதேயு வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உள்ளே போனார்கள். இந்த வீட்டில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

அந்திரேயா அதற்காக முகம் வாடியதாக எந்த நற்செய்தியிலும் ஒரு வரி இல்லை. அவர் மறுபடி கண்ணில் படும் இடங்களைப் பாருங்கள். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனை இயேசுவுக்குச் சுட்டிக்காட்டுகிறார். இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று கிரேக்கர்கள் வந்தபோது பிலிப்பு முதலில் அந்திரேயாவிடம்தான் சொல்கிறார், இருவருமாகப் போய் இயேசுவிடம் சொல்கிறார்கள். உள்ளே கூப்பிடப்படாத அந்த மனிதர், மற்றவர்களை உள்ளே கூட்டிவருவதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தார்.

1964-ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுலும் கான்ஸ்தாந்திநோபிள் முதுபெரும் தந்தை அத்தனாகோராசும் எருசலேமில் சந்தித்தார்கள். பல நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த இரு திருச்சபைகளின் தலைவர்கள். உரோமை பேதுருவையும் கான்ஸ்தாந்திநோபிள் அந்திரேயாவையும் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகின்றன. அப்போது அத்தனாகோராசு கொடுத்த பரிசு, பேதுருவும் அந்திரேயாவும் ஒருவரையொருவர் கட்டித் தழுவி நிற்கும் திருவோவியம். அடுத்த ஆண்டு டிசம்பர் 7 அன்று, 1054-இல் ஒருவர்மேல் ஒருவர் விதித்த சபைநீக்கத் தீர்ப்புகளை நினைவிலிருந்தே அகற்றிவிட இரு பக்கமும் சேர்ந்து அறிவித்தன. இன்றும் ஜூன் 29 பேதுரு, பவுல் பெருவிழாவுக்கு அங்கிருந்து ஒரு தூதுக் குழு உரோமைக்கு வருகிறது. நவம்பர் 30 அந்திரேயா விழாவுக்கு உரோமையிலிருந்து ஒன்று அங்கே போகிறது. இந்தச் சகோதரர் விழாவுக்கு அந்தச் சகோதரர் வீட்டார், அந்தச் சகோதரர் விழாவுக்கு இந்தச் சகோதரர் வீட்டார். முழு ஒன்றிப்பு இன்னும் வரவில்லை. ஆனாலும் விழாவை ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கும் நாளாக அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரே பங்கில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் நம்மால் அது ஏன் முடியாமல் போகிறது?

இப்போது நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. என்னை விழாக் குழுவுக்குக் கூட்டிவந்ததே, சுரூபம் துடைத்த அந்தப் பெரியவர்தான். நான் இந்தப் பங்குக்குப் புதிதாகக் குடிவந்தபோது எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருப்பலி முடிந்ததும் எழுந்து போய்விடுவேன். ஒரு ஞாயிறு அவராகவே வந்து, பெயர் கேட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பங்குத்தந்தைக்கு அறிமுகம் செய்தார். சில ஆண்டுகளில் நான் செயலர் ஆனேன். அந்த அழைப்பிதழின் பெயர்ப் பட்டியலை எழுதியது நான். அவர் பெயரைக் கீழே வைத்ததும் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால், இவர் நம்மவர், ஒன்றும் நினைக்கமாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே குற்றம் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

பங்கில் வரும் பிளவெல்லாம் பெயருக்கும் இருக்கைக்கும் வருவதுதான் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே அநீதி நடந்திருக்கும். அவர்களிடம் போய், விழா நேரம், பொறுத்துப்போங்கள் என்று சொல்வது சகோதர அன்பு ஆகாது. இதிலும் திருத்தூதர்களே நமக்கு வழிகாட்டுகிறார்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒன்றாக உண்டு வந்தார். எருசலேம் சபையை வழிநடத்திய வேறொரு யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பின்வாங்கி, தனிப் பந்திக்குப் போய்விட்டார். மற்ற யூதரும், பர்னபாவும்கூட, அவர் பின்னால் போனார்கள். பவுல் அதைக் கூட்டத்தின் நடுவில் வைத்து முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் அவரே இதை எழுதுகிறார். யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பதுதான் அந்தச் சண்டைக்குக் காரணம். அது சின்ன விஷயம் என்று விட்டுவிடப் பவுல் ஒப்பவில்லை.

அப்படி மோதிய இருவருக்கும் திருச்சபை ஒரே நாளில் விழா வைத்திருக்கிறது. 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாட்குறிப்பிலேயே ஜூன் 29-இல் இருவர் பெயரும் சேர்ந்து வருகின்றன. நம் முன்னோரும் இராயப்பர், சின்னப்பர் என்று ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். பேதுருவின் பெயரால் வரும் இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரம், பவுலை நம் அன்பார்ந்த சகோதரர் என்று குறிப்பிடுகிறது. முகத்துக்கு நேராகத் தவறைச் சொன்னவரைச் சகோதரர் என்று அழைக்கும் மனம் அது. நம் கூட்டங்களில் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவரை அடுத்த ஆண்டு நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

முறையீடு வந்தால் என்ன செய்வது என்பதற்குத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இருக்கிறது. அன்றாடப் பகிர்வில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசுவோர் முணுமுணுத்தார்கள். பன்னிருவரும் அவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லவில்லை. சீடர் எல்லாரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்து, பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். விழாக் கணக்கு சரியில்லை என்று சொல்கிறவரை அடுத்த நிதிக் குழுவிலேயே உட்கார வைக்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? கடினம்தான். ஆனால் அந்த அதிகாரத்தில், அதைச் செய்தபின் கடவுளின் வார்த்தை பரவியது என்று எழுதியிருக்கிறது.

தேர்தலில் தோற்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. யூதாசின் இடத்துக்கு இருவர் பெயர் வந்தது, சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. மற்றவர் யுஸ்து என்னும் யோசேப்பு. திருமுழுக்கு யோவானின் காலம் முதல் கூடவே இருந்தவர்களிலிருந்துதான் இருவரையும் முன்னிறுத்தினார்கள். மத்தியாவுக்கு மே 14 விழா நாள். யுஸ்துவுக்கு உரோமைப் பொது நாட்காட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. பேரவைத் தேர்தல் முடிந்த மறுவாரம், தேர்ந்தெடுக்கப்படாதவரைத் தேடிப்போய் ஒருவராவது பேசுங்கள்.

இதெல்லாம் குருவானவர் மறையுரையில் சொல்ல வேண்டியது, விழாக் குழு ஏற்பாட்டை மட்டும் பார்த்தால் போதும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். விழாவே மக்களைச் சேர்க்கத்தானே செய்கிறது என்றும் கேட்கலாம். சேர்க்கிறதுதான், மறுக்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வருகிறார்கள், ஆண்டு முழுவதும் ஆலயப் பக்கம் வராதவர்கள் வருகிறார்கள். விளக்கையும் பூவையும் குறையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாவலரின் நாள் அவர் பெயர் தாங்கிய ஆலயத்தில் பெருவிழா. அன்று ஆலயம் ஒளிரத்தான் வேண்டும். ஆனால் புனிதர் வணக்கம் எதில் இருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1964-இல் வெளிவந்த திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 51-ஆம் எண்ணில் அது இருக்கிறது. வெளிச்செயல்களைப் பெருக்குவதைவிட, நம் அன்பு எவ்வளவு ஆழமாகச் செயல்படுகிறது என்பதில்தான் உண்மையான புனிதர் வணக்கம் அடங்கியிருக்கிறது என்பது அதன் கருத்து. அன்பைச் செயல்படுத்துவதும் ஓர் ஏற்பாடுதான். அதற்கும் நாள் குறிக்க வேண்டும், ஆள் பிரிக்க வேண்டும். அந்த வேலை விழாக் குழுவுக்குத் தெரிந்த வேலை.

ஆகவே கேட்கிறேன். நவநாளின் ஒன்பது நாளில் ஒன்றை ஒப்புரவு நாளாக ஒதுக்குங்கள். கடைசி நாளில் வைக்காதீர்கள், அன்று யாருக்கும் நேரம் இருக்காது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வைத்தால், மனம் மாறியவர் போய்ப் பேச இன்னும் ஐந்தாறு நாள் இருக்கும். அன்று பக்கத்துப் பங்குகளிலிருந்து குருக்கள் சிலரை வரவழைத்து, ஒப்புரவு அருள்சாதனத்துக்குத் தாராளமாக நேரம் வையுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன பகுதியை அன்று வாசிக்கச் செய்யுங்கள். அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். உனக்கு யார்மேல் மனக்குறை என்று அவர் கேட்கவில்லை. உன்மேல் யாருக்கு மனக்குறை என்று நினைவு வந்தால் எழுந்து போ என்கிறார்.

அப்புறம் அழைப்பிதழ். பெயர்களைக் குறைத்துவிடுங்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று போட்டால் போதும். பொருளுதவி செய்தவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லுங்கள். அதில் அவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி அச்சில் கிடைப்பதைவிடப் பெரிது. முன்வரிசை இருக்கைகளை நடக்க முடியாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வையுங்கள். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு ஆடையோடு வரும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுத்தால் நீங்கள் பாகுபாடு காட்டுகிறவர்கள்தானே என்று யாக்கோபு திருமுகம் கேட்கும் கேள்வி, முன்வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கேட்கிறது. சுரூபத்தைத் தோளில் சுமப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பேசாமல் இருக்கும் இரு குடும்பங்களிலிருந்தும் ஆள் எடுங்கள். ஒரே தண்டைச் சுமப்பவர்கள் காலடியைச் சேர்த்து வைத்துத்தான் நடக்க முடியும். கட்டாயப்படுத்த வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

திருப்பலியில் சமாதானம் அறிவிக்கும் நேரத்தையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புகிறோம். நம்மோடு பிணக்கு உள்ளவர் நான்கு வரிசை தள்ளித்தான் எப்போதும் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆலயத்துக்குள் நடமாட வேண்டாம் என்பது சரியான ஒழுங்குதான். நடக்க வேண்டிய நேரம் அதற்கு முந்திய வாரம்.

கடந்த விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் நான் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே கதவு திறந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று மட்டும்தான் வாயில் வந்தது. உள்ளே வா என்றார். அழைப்பிதழைப் பற்றி இருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இப்போது சுரூபத்தை யார் துடைக்கிறார்கள் என்று கேட்டார். இளைஞர்கள் என்றேன். துணியால் துடைத்தால் போதாது என்றார். அந்திரேயாவின் சிலுவை பெருக்கல் குறி போல இருக்கும் இல்லையா, இரண்டு மரமும் சேரும் இடத்தில் பின்பக்கம் ஒரு இடுக்கு இருக்கிறது, தூசியெல்லாம் அங்கேதான் போய் அடையும், விரல் நுழையாது, மெல்லிய தூரிகை வேண்டும் என்றார். எந்த அளவுத் தூரிகை என்று தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். அந்த விரல் இப்போது முன்பைவிட அதிகமாக நடுங்குகிறது. ஏணியில் ஏற அவரால் இனி முடியாது. விழா அன்று மாலை பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பவனி கிளம்பும்வரை சுரூபத்தின் பின்பக்கமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நான் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். உங்கள் பங்கில் அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். சில பெரியவர்களுக்கு அவ்வளவு காலம் இருக்காது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் மேடை, விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பொருளாக இதை எடுங்கள். குறிப்பேட்டில் யார் பெயரையும் எழுத வேண்டாம், அது புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கும். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று வாய்மொழியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போங்கள், பன்னிருவரையும் ஆண்டவர் அப்படித்தான் அனுப்பினார். குறிப்பேட்டில், 'வீடுகளுக்குப் போவது பற்றிப் பேசினோம், நவநாள் கொடியேறுமுன் போய்வருவதாக முடிவு' என்று ஒரு வரி மட்டும் இருக்கட்டும்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரன்,
புனித அந்திரேயா பங்கு ஒன்றின் முன்னாள் விழாக் குழுச் செயலர்